சந்திரனில் ஒரு வழி மண்டபம்

அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்தேறும் பக்தர்கள் 3,500-க்கு மேற்பட்ட படிகளைக் கடக்க வேண்டும். நடுவே மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்க மண்டபம் உண்டு. சந்திரனில் நடந்தவர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

1972 டிசம்பரில் அப்போலோ-17 வீரர்கள் செர்னானும் ஷ்மிட்டும் சந்திரத் தரையில் மின்சார வண்டியில் சவாரி செய்தார்கள். வண்டி இன்னும் தூரம் ஓடியிருக்கும். ஆயினும் இறங்குகலத்தை விட்டு ஏழரை கிலோமீட்டர் அளவுக்கே அவர்கள் விலகிச் சென்றனர். வண்டி பழுதானால், முதுகுப் பெட்டியிலுள்ள பிராணவாயு தீருமுன் கால்நடையாகவே திரும்பியாக வேண்டும் என்பது கணக்கு. ஒருவருடைய உடையில் குளிர்ச்சி தரும் கருவி கெட்டால், மற்றவருடைய தண்ணீரைக் குழாய் மூலம் பங்கிட்டுக்கொள்ளலாம். ஒதுங்கி உட்கார இடம் மட்டும் கிடையாது.

இந்த எல்லையைத் தள்ளிவைக்கத்தான் கையோடு கொண்டுபோகும் அவசரக் கூடாரம் என்ற யோசனை. மடித்து வண்டியில் வைத்திருந்து, ஆபத்து வந்ததும் காற்றடைத்து விரித்து, உள்ளே புகுந்து உதவிக்குக் காத்திருப்பது. கேட்க எளிதுதான். ஆனால் துணி காற்றைப் பிடித்து வைக்குமே தவிர, சூரியப் புயலில் பாய்ந்து வரும் நுண்துகள்களைத் தடுக்காது. 1972 ஆகஸ்டில், அப்போலோ-16 திரும்பி 17 புறப்படாத இடைவெளியில், அப்படியொரு கடும் புயல் வீசியது. அந்நேரம் யாராவது சந்திரத் தரையில் நின்றிருந்தால் என்னவாகியிருக்கும்!

கதிரைத் தடுக்கக் கனம் வேண்டும். அமெரிக்காவின் ஓரியன் கலத்தில், சாமான் பைகளையே சுற்றிலும் அடுக்கி வீரர்கள் அரண் அமைத்துக்கொள்ள ஏற்பாடு. சந்திரத் தரையிலோ மண் இருக்கிறது. இப்போது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 ஜூலை 14-ல் புறப்பட்ட சந்திரயான்-3, அந்த மண்ணில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தது. மேலே 50 டிகிரி அளவில் சூடு; எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் உறைநிலைக்கும் கீழே சுமார் 10 டிகிரி! வெயிலுக்கு இவ்வளவு மெல்லிய போர்வை போதும். கதிருக்கு இன்னும் தடிப்பாக வேண்டும்.

புயல் நேரத்தில் மண் அள்ளிக்கொண்டிருக்க முடியாது. வேகமான துகள்கள் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிடக்கூடும். ஆகவே கூடாரம் ஒரு கைக்குடை மாதிரிதான். வழியில் மண் மூடிய மண்டபங்களை முன்கூட்டியே அமைப்பதே மேல் என்று தோன்றுகிறது. இயற்கை கட்டிவைத்ததும் ஒன்று உண்டு. 2008-ல் இதே தீவிலிருந்து சென்ற சந்திரயான்-1 எடுத்த படங்களில், ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள எரிமலைக் குகை ஒன்றின் அடையாளத்தை இஸ்ரோ விஞ்ஞானிகள் கண்டார்கள். அதற்குள் இதுவரை யாரும் கால் வைக்கவில்லை.