வெள்ளரிக்காய்மேல் விழுந்த பழி

காய்கறி சாப்பிட்டால் தேகத்துக்கு நல்லது என்கிறார்கள் வைத்தியர்கள். அதையும் வேகவைக்காமல் பச்சையாகவே சாப்பிட்டால் இன்னும் நல்லது என்கிறார்கள் இயற்கை வைத்தியர்கள். இந்த வார்த்தையைச் சிரமேற்கொண்டு நடந்து வந்த ஜெர்மனி தேசத்து ஸ்திரீகள் பலர், 2011-ஆம் வருஷம் மே மாதத்தில் ஒருவர்பின் ஒருவராய் ஆஸ்பத்திரிகளில் வந்து படுத்தார்கள். முதலில் வயிற்று வலி, பிறகு இரத்தபேதி. சிலருக்கு அதோடு நிற்கவில்லை. இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதைந்து, சிறுநீரகங்கள் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. இந்த உபத்திரவம் பெரும்பாலும் குழந்தைகளுக்கே வருவது என்று எண்ணியிருந்த வைத்தியர்கள், திடகாத்திரமான நடுவயதுப் பெண்களிடம் அதைக் கண்டு திகைத்தார்கள்.

நோய்க்குக் காரணம் 'ஈ. கோலை' என்னும் கிருமி வர்க்கத்தில் ஒன்று. இவ்வர்க்கத்தில் பெரும்பாலானவை மனிதர் குடலில் சாதுவாகக் குடியிருப்பவைதாம். ஆனால் இந்தக் கிருமியோ 'ஷிகா' என்னும் கொடிய விஷத்தை உற்பத்தி செய்யும் ஜாதி.

கிருமி தெரிந்தது, அது வந்த வழி தெரியவில்லை. வெள்ளரி, தக்காளி, ஸாலட் கீரை ஆகியவற்றைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாமென்று சர்க்கார் எச்சரித்தது. மே 26-ந் தேதி ஹாம்பர்க் நகரத்துச் சுகாதார அதிகாரிகள், ஸ்பெயின் தேசத்திலிருந்து வந்த வெள்ளரிக்காய்களில் கிருமியைக் கண்டதாக அறிவித்துவிட்டார்கள். அவ்வளவுதான்! ஐரோப்பா முழுவதும் வெள்ளரிக்காயைத் தீண்டுவார் இல்லை. ஸ்பெயின் குடியானவர்கள் தங்கள் கையாலேயே விளைவித்ததை மூட்டை மூட்டையாகக் குப்பையில் கொட்டினார்கள். ரஷ்யா தேசம் ஐரோப்பிய யூனியனின் காய்கறி எதுவுமே உள்ளே வரக்கூடாதென்று தடை விதித்தது. இதற்கிடையில், மே 31-ந் தேதியே உண்மை வெளிவந்தது: வெள்ளரிக்காயில் இருந்த கிருமி வேறு, நோயாளிகளின் உடலில் இருந்த கிருமி வேறு. ஆயினும் பீதி என்பது ஆணையிட்டால் கலைந்து போகும் கூட்டமா, என்ன? பிற்பாடு ஐரோப்பிய யூனியன் நஷ்டஈடு கொடுத்தது உண்மை. எல்லாருடைய நஷ்டமும் அதில் ஈடாகவில்லை என்பதும் உண்மை.

மெய்யான குற்றவாளியைப் பிடித்த கதை துப்பறியும் கதைகளைத் தோற்கடிக்கக் கூடியது. "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று நோயாளிகளைக் கேட்டால், வெள்ளரி என்றார்கள், தக்காளி என்றார்கள். ஆராய்ச்சியாளர் இன்னொரு வழி பிடித்தார்கள். ஒரே போஜனசாலையில் சாப்பிட்டுப் போன கூட்டங்களைக் கண்டுபிடித்து, அவர்கள் என்னென்ன பண்டம் தருவித்தார்கள் என்று பில்லைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, சமையற்காரரிடம் போய், "இந்தப் பண்டத்தில் எதை எதைச் சேர்க்கிறீர்?" என்று விசாரித்தார்கள். விடை கிடைத்துவிட்டது. அங்கே நோய்ப்பட்ட அத்தனை பேருடைய தட்டிலும் முளைக்கட்டிய தானியம் இருந்தது! முந்தைய விசாரணையிலோ நோயாளிகளில் நூற்றுக்கு 25 பேர்தாம் முளை சாப்பிட்டதாக நினைவுகூர்ந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. அலங்காரமாகத் தூவியிருந்த ஒரு சிட்டிகை முளையை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? சென்ற வாரம் சாப்பிட்ட ரசத்தின்மேல் கொத்தமல்லித் தழை மிதந்ததா இல்லையா என்று நம்மைக் கேட்டால் நாமும் விழிக்கத்தான் செய்வோம்.

ஜூன் 10-ந் தேதி வெள்ளரி நிரபராதி என்று தீர்ப்பாயிற்று. முளைகள் வடஜெர்மனியில் ஒரு பண்ணையிலிருந்து வந்தவை. அதே மாதம் பிரான்ஸில் போர்டோ நகரத்தருகே சிலருக்கு அதே நோய் கண்டது; அவர்களும் முளை சாப்பிட்டவர்களே. இரண்டு இடத்துக்கும் பொதுவாய் இருந்தது, எகிப்திலிருந்து 2009-ல் கப்பலேறி வந்த வெந்தயம். ஆம், நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் அதே வெந்தயந்தான்! ஆனால், மிஞ்சியிருந்த விதைகளைச் சோதித்தபோது அவற்றில் கிருமி அகப்படவே இல்லை. ஜூலைக் கடைசியில் கொள்ளை ஓய்ந்ததாக அறிவித்தபோது ஜெர்மனியில் மட்டும் 3,842 பேர் நோய்ப்பட்டிருந்தார்கள். 855 பேருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டது. 53 பேர் மாண்டார்கள்.

உலர்ந்த விதையின் வெடிப்புகளில் கிருமி மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். முளை கட்டுவதற்கு நாம் என்ன செய்கிறோம்? ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, வெதுவெதுப்பான இடத்தில் இரண்டொரு நாள் வைக்கிறோம். விதைக்கு உகந்த இந்த உபசாரமே கிருமிக்கும் விருந்தாகிறது. ஒன்று கோடியாய்ப் பெருகிவிடும். முளையைக் கழுவினாலும் உள்ளே புகுந்தது போகாது. வேகவைத்தால் போகும். ஆகையால் முளைப்பயறைச் சுண்டலாக நன்றாய் வேகவிட்டு உண்பதே உசிதம். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் ஆகியவர்களுக்குப் பச்சை முளை கொடுக்கவே வேண்டாம்.

மற்றக் காய்கனிகளை நறுக்கிய பின் அல்ல, நறுக்குவதற்கு முன்பே, ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிடில் தோலின்மேல் இருப்பதைக் கத்தியே உள்ளே கொண்டு சேர்க்கும். மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் முக்கினால் கிருமியெல்லாம் ஒழிந்தது என்று நம்மவர் பலர் திருப்தியடைகிறார்கள். மண்ணும் புழுவும் போகலாம். கிருமி விஷயத்தில் அதை நம்புவதற்கில்லை. மாமிசம் நறுக்கிய பலகையில் பச்சைக் காய் நறுக்கலாகாது. இன்ன பண்டத்தால் நோய் பரவுகிறதென்று அறிவிப்பு வந்தால், "நேற்றுச் சாப்பிட்டோமே, ஒன்றும் ஆகவில்லையே" என்று மிச்சத்தைப் பத்திரப்படுத்த வேண்டாம். இந்த ஜெர்மனி நோய் பலருக்கு எட்டு நாள் கழித்தே தலைகாட்டியது. ருசியிலும் மணத்திலும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

பேதி கண்டால் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே வைத்தியரிடம் போக வேண்டும். பேதியை நிறுத்தும் மாத்திரையையும், கிருமிகொல்லி மருந்தையும் நாமாகவே வாங்கிக் கொடுப்பது இந்நோயில் ஆபத்து. சிறுநீரகத்துக்குக் கேடு அதிகமாகலாம். கடை ரசீது இருந்தால் கிழிக்காமல் வைத்திருங்கள். இரண்டு வாரமாக வீட்டிலும் வெளியிலும் சாப்பிட்டதை ஞாபகம் உள்ளபோதே ஒரு காகிதத்தில் குறித்து, விசாரிக்க வரும் சுகாதார அதிகாரியிடம் கொடுங்கள். கொத்தமல்லித் தழையை விட்டுவிட வேண்டாம்.