கையும் பாடம் படிக்கும்

இக்கட்டுரையைத் தொடர்ந்து படிப்பதற்கு முன் ஓர் அடிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். 30 செ.மீ. நீளமுள்ள சாதாரண அடிக்கோல் போதும். இரு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் நீட்டி, அவற்றின் மீது அடிக்கோலைக் கிடையாக வையுங்கள். இடக்கை விரல் 2 செ.மீ. குறியின் கீழும், வலக்கை விரல் 20 செ.மீ. குறியின் கீழும் இருக்கட்டும். இனி இரு விரல்களையும் மெதுவாக ஒன்றை நோக்கி ஒன்றாக நகர்த்தப் போகிறோம். அவை எந்தக் குறியின் கீழ் சந்திக்கும்? நகர்த்துவதற்கு முன் உங்கள் ஊகத்தைத் தாளில் எழுதி வையுங்கள்.

எழுதிவிட்டீர்களா? இப்போது நகர்த்துங்கள்.

இரண்டுக்கும் நடுவில், அதாவது 11 செ.மீ. குறியில் சந்திக்கும் என்று எழுதியிருந்தால் வருந்த வேண்டாம். அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் விரல்கள் 15 செ.மீ. குறியை ஒட்டித்தான் சந்திக்கின்றன. மீண்டும் செய்து பாருங்கள். இம்முறை விரல்கள் உணர்வதைக் கவனியுங்கள். முதலில் இடக்கை விரல் மட்டும் வழுக்கிச் செல்லும். வலக்கை விரல் அசையாது. பிறகு இடக்கை விரல் நின்றுவிட, வலக்கை விரல் நகரும். இப்படி மாறி மாறி நகர்ந்துதான் இரண்டும் மையத்தை அடைகின்றன.

காரணம் எளியது. அடிக்கோலின் ஈர்ப்பு மையம் 15 செ.மீ. குறியில் உள்ளது. அதற்கு அருகில் இருக்கும் விரல்தான் அதிக எடையைத் தாங்குகிறது. எடை அதிகமானால் உராய்வும் அதிகம். ஆகவே அந்த விரல் நின்றுவிடுகிறது. தொலைவில் உள்ள விரலுக்குச் சுமை குறைவு, அது வழுக்குகிறது. இது பள்ளியில் நாம் படித்த நெம்புகோல் விதியே. பலமுறை தேர்வில் எழுதிய விதிதான். ஆயினும் விரல் நுனியில் அது வந்து நின்றபோது நம்மில் பலருக்கு அடையாளம் தெரியவில்லை. ஏன்?

தரமணிப் பட்டறையில்

இதே விதி வேறொரு வடிவில் மாணவர்களைச் சோதிக்கும் இடம் ஒன்று உண்டு. சென்னையில் அடையாற்றுக்குத் தெற்கே உள்ள தரமணியில் தொழிற்கல்வி நிலையங்கள் பல அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1916ஆம் ஆண்டு சென்னைத் தொழிற்பள்ளியாகத் தோன்றிய மத்திய பாலிடெக்னிக் இங்குதான் இயங்குகிறது. அச்சு, நெசவு, திரைப்படம் ஆகிய தொழில்களைக் கற்பிக்கும் நிலையங்களும் இதே வட்டாரத்தில் உள்ளன. கற்பிப்பவர்களுக்கே கற்பிக்கும் நிலையமும் ஒன்று உண்டு. பாலிடெக்னிக் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க மத்திய அரசு 1964இல் நிறுவிய அந்நிலையம், இன்று தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையம் என்று பெயர் பெற்றுள்ளது.

இத்தகைய பயிலகங்களின் பட்டறைகளில் தொடக்கப் பாடங்களுள் ஒன்று அரம் பிடிப்பது. பெஞ்சு வைஸில் ஓர் இரும்புத் துண்டை இறுக்கி, அதன் மேற்பரப்பைச் சமதளமாக அராவ வேண்டும். கேட்பதற்கு மிக எளிது. மாணவர் அராவி முடித்து, மூலைமட்டத்தை அதன் மீது வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். இரு ஓரங்களிலும் ஒளிக்கீற்று தெரிகிறது! நடுப்பகுதி மேடாகவும் ஓரங்கள் தாழ்ந்தும் உள்ளன. புதிதாக அரம் பிடிப்பவர் அனைவருக்கும் நேரும் தவறு இது.

இங்கும் நெம்புகோலே குற்றவாளி. இரும்புத் துண்டுதான் ஆதாரப் புள்ளி, அரம்தான் கோல். வலக்கை அரத்தின் பிடியிலும் இடக்கை அதன் நுனியிலும் உள்ளன. அரத்தை முன்னே தள்ளத் தொடங்கும்போது ஆதாரப் புள்ளி நுனிக்கு அருகில் இருக்கிறது. ஆகவே இடக்கை அதிகம் அழுத்த வேண்டும். நடுவில் இரு கைகளும் சமமாக அழுத்த வேண்டும். முடிவில் ஆதாரப் புள்ளி பிடிக்கு அருகில் வந்துவிடுவதால், இடக்கை தளர்ந்து வலக்கை அழுத்த வேண்டும். இரு கைகளும் ஒரே அளவில் அழுத்திக்கொண்டே இருந்தால் அரம் ஊஞ்சலைப் போல் ஆடும், ஓரங்களைத் தின்றுவிடும்.

இதை இப்போது படித்தே அறிந்துகொண்டீர்கள். ஆனால் இந்த அறிவைக் கொண்டு நாளையே சமதளமாக அராவிவிட முடியுமா? முடியாது. ஒவ்வொரு வீச்சிலும் கைகள் பிழை செய்து, ஒளிக்கீற்று அதைக் காட்டிக்கொடுத்து, அடுத்த வீச்சில் திருத்திக்கொண்டால்தான் அது கைவரும். ‘கைவரும்’ என்ற சொல்லே இதைத்தானே கூறுகிறது?

மூளையில் கையின் இடம்

கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் நரம்பறுவை மருத்துவராக இருந்த வைல்டர் பென்ஃபீல்ட், 1930களில் நோயாளிகளின் மூளைப் புறணியை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டி, உடலின் எந்த உறுப்புக்கு மூளையில் எவ்வளவு இடம் என்று வரைபடம் தயாரித்தார். முதுகும் தொடையும் அளவில் பெரியவை; ஆனால் மூளையில் அவற்றுக்குக் கிடைத்த இடம் சிறிது. கைக்கும் விரல்களுக்கும் மிகப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

கை கற்பதும் வாய் ஒப்பிப்பதும் வெவ்வேறு நினைவுகள் என்பதை அதே நகரில் பணியாற்றிய பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் காட்டினார். 1953இல் செய்யப்பட்ட மூளை அறுவைக்குப் பின் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் நிறுத்த இயலாமற்போன ஒருவரிடம், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து விண்மீன் வடிவத்தை வரையச் சொன்னார். ஒவ்வொரு நாளும் அவருக்கு அது புதிய வேலையாகவே தோன்றியது. ஆனால் அவருடைய கை நாளுக்கு நாள் பிழையைக் குறைத்துக்கொண்டே வந்தது!

இவ்விரு நினைவுகளும் ஒன்றுக்கொன்று உதவுமா? 2015இல் சிகாகோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைச் சோதித்தனர். ஓர் அச்சில் சுழலும் சைக்கிள் சக்கரங்களைச் சில மாணவர்கள் கையில் பிடித்துச் சாய்த்தனர். மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். பின்னர் கோண உந்தம் பற்றிய தேர்வில், பிடித்துப் பார்த்தவர்களே மேலாக விடையளித்தனர். விடையைச் சிந்திக்கும்போது, அசைவுக்கும் தொடுவுணர்வுக்கும் உரிய மூளைப் பகுதிகள் அவர்களிடம் கூடுதலாக இயங்கின.

செய்முறை என்ற பெயரில்

அப்படியானால் செய்முறை வகுப்புகளைப் பெருக்கினால் போதுமா? போதாது. தனி ஊசல் சோதனையை நினைத்துப் பாருங்கள். விடை 9.8 என்பது முன்பே தெரியும். அதற்கேற்ப அளவீடுகளை ‘அமைத்து’, பதிவேட்டில் அழகாக எழுதி, கையொப்பம் வாங்கிய மாணவர்கள் எத்தனை பேர்! கை அசைந்தது; ஆனால் கேள்வி எழவில்லை. நடாஷா ஹோம்ஸ், கார்ல் வீமன் என்ற இயற்பியலாளர்கள் ஒன்பது கல்லூரி ஆய்வக வகுப்புகளை ஆராய்ந்து 2018இல் எழுதினர். பாடத்தை உறுதிப்படுத்துவதற்கென்றே நடத்தப்பட்ட ஆய்வக வகுப்புகளால், தேர்வு மதிப்பெண்ணில் அளவிடத்தக்க பயன் எதுவும் இல்லை என்பதே அவர்கள் கண்டது.

ஊகித்தல், செய்தல், ஒப்பிடுதல், திருத்தல் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அது கற்றல். அடிக்கோல் சோதனையில் முதலில் எழுதிவைக்கச் சொன்னதும் இதற்காகவே. எழுதாமல் செய்திருந்தால், ‘எனக்கு முன்பே தெரியும்’ என்று மனம் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருக்கும்.

சென்னை மாநகராட்சி 2003இல் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷி வேலிப் பள்ளி வகுத்த முறையைத் தழுவி, குழந்தைகள் அட்டைகளையும் பொருள்களையும் கையாண்டு, தத்தம் வேகத்தில் படிப்படியாக முன்னேறினர். சில ஆண்டுகளில் அது தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் பரவியது. இங்கும் சோதனை அதேதான்: அட்டையை நகர்த்தும் குழந்தை கேள்வியையும் நகர்த்துகிறதா?

யாருடைய கை?

கைவேலைக் கல்வி என்றதும் தமிழகத்தில் சிலர் ஐயுறுவதற்குக் காரணம் உண்டு. 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், சிற்றூர்ப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் கழிக்க வேண்டியிருந்தது. இது பிறப்பால் தொழிலை நிலைநிறுத்தும் குலக்கல்வி என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் முதலமைச்சரான காமராசர் அதைக் கைவிட்டார்.

அந்த எதிர்ப்பு நமக்கு ஒரு பாடம். சிலருடைய பிள்ளைகளுக்குக் கைவேலை, சிலருடைய பிள்ளைகளுக்கு ஏடு என்று பிரிப்பது கல்வி ஆகாது. உழவர் மகளும் எழுத்தர் மகனும் அதே அரத்தைப் பிடிக்க வேண்டும். அதே நுண்ணோக்கியிலும் பார்க்க வேண்டும். மூலைமட்டத்தின் அடியில் தெரியும் ஒளிக்கீற்று, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை.

முடிவாக, உங்களுக்கு ஒரு வேலை. நல்ல முள்ளங்கி ஒன்றை எடுத்து, விரல் மீது வைத்து அது சமநிலையில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அவ்விடத்தில் இரண்டாக வெட்டினால் இரு துண்டுகளும் ஒரே எடை இருக்குமா? இல்லையேல் எது கனமாக இருக்கும்? முதலில் ஊகத்தையும் அதற்கான காரணத்தையும் எழுதுங்கள். பிறகு வெட்டி, தராசில் நிறுத்துப் பாருங்கள். விடையை இங்கே தரப் போவதில்லை. முள்ளங்கி சாம்பாருக்குப் போகட்டும். விடை உங்கள் கையில் தங்கட்டும்.