மரத்துப்போகாத பாதம்

காலில் விழுந்து வணங்கும் நாடு இது. ஆனால் வணங்கிய காலை ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பவர்கள் குறைவு. வலியை உணரும் பாதம் பிழைத்துக்கொள்கிறது. மரத்துப்போன பாதம் அழிகிறது. உடம்புக்கு மட்டுமல்ல, மனதுக்கும் ஊருக்கும் பொருந்துகிற பாடம் இது.

1950களின் தொடக்கம். அமெரிக்கப் பயணத்தை முடித்துக்கொண்டு கப்பலில் இங்கிலாந்து வந்து, ரயிலில் லண்டன் போய்ச் சேர்ந்த டாக்டர் பால் பிராண்டுக்கு உடம்பு சரியில்லை. இரவு அறையில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றும்போது, குதிகாலின் ஒரு பக்கத்தில் தொடு உணர்ச்சியே இல்லை என்பது தெரிந்தது. ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. இன்னும் ஆழமாகக் குத்தினார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. வேலூரில் தொழுநோயாளிகளின் கைகால்களுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்தவர் அவர். நோய் தனக்கும் தொற்றிவிட்டது என்று முடிவு கட்டினார். பொழுது விடியும்வரை தூக்கமில்லை. காலையில் மறுபடியும் ஊசியைக் குத்தியவர், வலி தாங்காமல் கத்திவிட்டார். ரயிலில் அசையாமல் உட்கார்ந்து வந்ததில் ஒரு நரம்பு அழுந்திக் கால் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். வலி திரும்பி வந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார் பிராண்ட்.

வலி போகவேண்டும் என்று வேண்டிக்கொள்பவர்கள் கோடிப்பேர். வலி வந்ததற்கு நன்றி சொன்னவர்கள் அபூர்வம். பிராண்ட் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது.

கொல்லிமலை மிஷனரித் தம்பதிக்கு 1914ல் பிறந்த அவர், லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, விரல் மடங்கிய கைகளும் புண் பிடித்த பாதங்களும் அவரை நிறுத்திவைத்தன. தொழுநோய் சதையைத் தின்றுவிடுகிறது, விரல்கள் அழுகி உதிர்ந்துவிடுகின்றன என்றே மருத்துவர்கள் உட்பட எல்லோரும் அப்போது நம்பினார்கள். பிராண்டும் அவரது சகாக்களும் ஆண்டுக்கணக்கில் கவனித்துக் கண்டது வேறு. நோய்க்கிருமி நரம்பைத்தான் தாக்குகிறது. நரம்பு போனதும் வலி போய்விடுகிறது. வலி போனபிறகு முள் குத்தினாலும் தெரிவதில்லை. அடுப்பில் கைபட்டாலும் தெரிவதில்லை. தூங்கும்போது எலி கடித்தாலும் விழிப்பு வருவதில்லை. விரல்களையும் பாதங்களையும் பெரும்பாலும் அழித்தது, கவனிக்கப்படாத காயம்தான்.

நொண்டுவதும் ஞானமே

பாதத்தின் புண்கள் அவருக்கு இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தன. செருப்பில் சிறு கல் புகுந்தால் உணர்ச்சியுள்ள மனிதன் உடனே நின்றுவிடுகிறான். நெடுந்தூரம் நடந்து ஓரிடம் கன்றிப்போனால், அவனை அறியாமலேயே நடை மாறுகிறது. பாரம் குதிகாலிலிருந்து விரலுக்கும், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கும் இடம் மாறுகிறது. கொஞ்சம் நொண்டுகிறான். அந்த நொண்டல்தான் அவனது பாதத்தைக் காப்பாற்றுகிறது. மரத்துப்போன பாதம் நொண்டுவதில்லை. முதல் மைலில் நடந்தமாதிரியே பத்தாவது மைலிலும் நடக்கிறது. அதே இடத்தில் அதே அழுத்தம் விழுந்து விழுந்து உள்ளே சதை நைந்து, பிறகு புண்ணாக வெளியே வருகிறது.

இதற்கு வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் கண்ட மருந்துகளில் ஒன்று செருப்பு. பஞ்சுபோல அழுந்தும் நுண்துளை ரப்பரில் அடிப்பாகம் வைத்துச் செய்த அந்தச் செருப்பு 'எம்.சி.ஆர். செருப்பு' என்ற பெயரில் நாடு முழுவதும் தொழுநோய் மருத்துவமனைகளுக்குப் பரவியது. காலில் மாட்டும் ஒரு ஜோடிச் செருப்பு கத்தியும் தையலும் செய்யாததைச் செய்தது.

பிராண்ட் 2003ல் காலமானார். தேசிய அளவில் தொழுநோய் ஒழிப்பு இலக்கை, அதாவது பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை, இந்தியா 2005 முடிவில் எட்டியது. ஆனாலும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்களே. இதற்கிடையில், மரத்துப்போன பாதம் இன்னொரு வழியாக நடுத்தர வர்க்கத்தின் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023ல் வெளியான ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி. நோய் முற்றும்போது இவர்களில் பலருக்கும் பாதத்தில்தான் முதலில் உணர்ச்சி குறைகிறது. வெயிலில் காய்ந்த கோயில் பிராகாரத்தில் வெறுங்காலுடன் சுற்றிவந்து, வீட்டுக்கு வந்தபிறகு உள்ளங்காலில் கொப்புளத்தைப் பார்த்து அதிர்ச்சியடைபவர்கள் உண்டு. சூடு தெரியவே இல்லை என்பார்கள். பெரிதாக எண்ணாமல் விட்ட கொப்புளம் புண்ணாகி, புண் சீழ் வைத்து, கடைசியில் விரலையோ காலையோ எடுக்கவேண்டிய நிலை வருகிறது.

தலையிலிருந்து பாதத்துக்கு

இத்தனைக்கும் பாதத்துக்கு இந்தியா கொடுத்திருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. அண்ணன் காட்டுக்குப் போனபோது அவனது பாதுகையை அரியணையில் வைத்து ஆட்சி நடத்திய தம்பியின் கதை தெரியாத வீடு இல்லை. மகாராஷ்டிரத்தில் ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசிக்காக லட்சக்கணக்கான வார்க்கரிகள் பண்டரிபுரத்துக்கு நடக்கிறார்கள். ஆளந்தியிலிருந்தும் தேகுவிலிருந்தும் புறப்படும் பல்லக்குகளில் இருப்பது ஞானேஸ்வரர், துக்காராம் ஆகியோரின் பாதுகைகள். சுமார் மூன்று வாரம் நடந்து போகிறவர்கள் செங்கல்மேல் நிற்கும் விட்டலனின் பாதத்தில் தலையை வைத்து வணங்குகிறார்கள். வழியில் ஒரு வார்க்கரி இன்னொரு வார்க்கரியைப் பார்த்தால் காலைத் தொடுகிறார். அவரும் பதிலுக்கு இவரது காலைத் தொடுகிறார். பெரியவர் யார், சிறியவர் யார் என்ற கேள்வியே இல்லை. கோயிலின் முதல் படிக்கு நாமதேவர் படி என்று பெயர். பக்தர்களின் பாததூளி தன்மேல் படவேண்டும் என்று அவர் விரும்பியதாக ஐதீகம்.

அந்தப் படிக்கு அருகிலேயே இன்னொரு சமாதியும் இருக்கிறது. மகார் சாதியில் பிறந்த சொக்கமேளாவின் சமாதி. விட்டலனைப் பாடிய அவரால் கோயிலுக்குள் போகமுடியவில்லை. அவருக்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் அவரது மக்களுக்குக் கதவு மூடியே இருந்தது. 1947ல் சானே குருஜி உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் திறந்தது. பாதுகையைப் பல்லக்கில் வைத்துச் சுமந்த அதே நாட்டின் பல கிராமங்களில் தலித்துகள் மேல்சாதித் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. காலைத் தொடும் கைக்கு அந்தக் கால் படும் பாடு தெரியவில்லை. சமூகத்தின் உடம்பிலும் சில இடங்கள் மரத்துப்போகத்தான் செய்கின்றன. அங்கே புண் ஆறுவதில்லை.

உணர்ச்சியைத் திரும்பக் கொண்டுவர முயன்றவர்களும் இருந்தார்கள். சேவாகிராமத்தில் தொழுநோயால் பாதிக்கப்பட்ட சம்ஸ்கிருத அறிஞர் பர்ச்சுரே சாஸ்திரிக்குக் குடிசை கொடுத்து, தன் கையாலேயே எண்ணெய் தேய்த்துவிட்டார் காந்தி. 1947 ஜனவரியில், இன்று வங்கதேசத்தில் இருக்கும் நவகாளியில், கலவரத்தில் எரிந்த கிராமங்களுக்குப் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டார். அப்போது அவருக்கு வயது 77. பாதையில் முள்ளையும் மலத்தையும் போட்டுவைத்தவர்கள் உண்டு. பாதம் வெடித்து ரத்தம் கசிந்தது. யாத்திரை போகிறவன் செருப்பு அணிவதில்லை என்பது அவர் எண்ணம். இழந்தவர்கள் நடக்கும் மண்ணின் கரடுமுரடு தன் உள்ளங்காலுக்கும் தெரியட்டும் என்று நடந்ததுபோல இருந்தது அந்த நடை.

தரையைப் பார்த்தவர்

பாதம் சொல்லும் பாடத்தைத் தொழிலில் காட்டியவர் ஜெய்ப்பூரின் கைவினைஞர் ராம் சந்திர சர்மா. அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். ஸவாய் மான்சிங் மருத்துவமனையில் கால் இழந்தவர்களுக்கு வெளிநாட்டு மாதிரிச் செயற்கைப் பாதம் பொருத்தி அனுப்பினால், பலர் அதை மூலையில் போட்டுவிட்டு மறுபடியும் ஊன்றுகோலை எடுத்தார்கள். அந்தப் பாதத்துக்கு ஷூ தேவை. ஷூ போட்டுக்கொண்டு கோயிலுக்குள் போகமுடியாது, சேற்று வயலில் இறங்கமுடியாது. குத்துக்காலிட முடியாது, சம்மணம் போட முடியாது. சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே.சேத்தியும் 1968 வாக்கில் ரப்பரை வல்கனைஸ் செய்து ஒரு பாதத்தை உருவாக்கினார்கள். வெறுங்காலாகவே நடக்கலாம், நனையலாம், மடக்கி உட்காரலாம். அதுவே 'ஜெய்ப்பூர் கால்'. 1981ல் விபத்துக்குப் பின் வலது காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், அந்தக் காலோடு 1984ல் மேடையேறியபோது நாடே அதைத் தெரிந்துகொண்டது. ரப்பர் பாதத்துக்கு உணர்ச்சி கிடையாது. அதைச் செய்தவர்களுக்கு இருந்தது. எப்படி வாழ்கிறார்கள் இந்த மனிதர்கள் என்று முதலில் தரையைப் பார்த்தார்கள். பிறகுதான் அச்சு வார்த்தார்கள்.

2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர் நடந்து மும்பைக்கு வந்த விவசாயிகளில் பெரும்பாலோர் ஆதிவாசிகள். தோல் உரிந்த அவர்களது உள்ளங்கால்களின் புகைப்படங்கள் நகரத்தை உலுக்கின. தண்ணீரும் சாப்பாடும் செருப்பும் கொண்டுவந்து கொடுத்தார்கள் மும்பைவாசிகள். ஆனால் அதைவிடப் பெரிய காரியம் முந்தைய இரவே நடந்திருந்தது. மறுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வு. பகலில் ஊர்வலம் போனால் பிள்ளைகள் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொள்வார்கள் என்பதால், ஓய்வெடுக்காமல் இரவோடு இரவாக நடந்தே ஆஸாத் மைதானம் போய்ச் சேர்ந்தார்கள். தன் பாதத்தில் வலி இருந்தவர்களுக்கு யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையின் கஷ்டம் தெரிந்திருந்தது.

தினமும் ஒரு வணக்கம்

சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் சொல்லும் அறிவுரை எளிமையானது. தினமும் ஒருமுறை இரண்டு பாதங்களையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளங்கால் தெரியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். செருப்பை மாட்டுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கோயிலுக்குப் போவதானால் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். செலவில்லாத காரியங்கள்தான். செய்பவர்கள் குறைவு. காரணம், குனியவேண்டியிருக்கிறது.

எல்லாப் பெரியவர்களாலும் குனியவும் முடியாது. முழங்கால் மடங்காது, கண் சரியாகத் தெரியாது, உள்ளங்காலில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாது. பண்டிகை நாளில், பிறந்தநாளில், பயணம் கிளம்பும்போது வரிசையாக வந்து அவர்கள் காலில் விழும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அது கண்முன்னால்தான் இருக்கிறது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உடனே எழுந்துவிடாமல், அந்தப் பாதத்தை மெல்லத் தூக்கி அடிப்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம். வீக்கம் இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா, அவர்களே அறியாத காயம் ஏதாவது இருக்கிறதா என்று.