சர்க்கரை நோயும் கடைமடையும்

புதுச்சேரி நேரு வீதியில் மாலை வேளையில் போவோர் வருவோரைப் பார்த்திருப்பீர்கள். வயது வந்தவர்கள் நூறு பேர் உங்களைக் கடந்து சென்றால், அவர்களில் ஏறத்தாழ 26 பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கலாம். இது வெறும் ஊகமன்று. 2008 முதல் 2020 வரை நாடெங்கும் 20 வயதும் அதற்கு மேலும் ஆன 1,13,043 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது அரசு, பணம் கொடுத்தது. முடிவுகள் 2023இல் வெளியாயின. நாட்டின் சராசரி 11.4 விழுக்காடு; புதுச்சேரியில் 26.3. கோவா மட்டுமே, 26.4 விழுக்காட்டுடன், நம்மை முந்தி நின்றது.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. புதுச்சேரி மருத்துவமனைகளுக்குப் பெயர் போன ஊர். 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்தது இன்றைய ஜிப்மர். அதைத் தவிர வேறு பல மருத்துவக் கல்லூரிகளும் இச்சிறு பகுதியில் உள்ளன. மருத்துவர்கள் இவ்வளவு அருகில் இருந்தும் நோய் ஏன் இவ்வளவு?

"அது பணக்கார வியாதி, உட்கார்ந்து சாப்பிடுவோருக்கு வருவது" என்று பாட்டிமார் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது ஓரளவு சரிதான். ஆனால் இதே ஆய்வின் 2017ஆம் ஆண்டு அறிக்கை வேறொன்றைக் காட்டிற்று. தமிழ்நாடு போன்ற வளர்ச்சி பெற்ற மாநிலங்களின் நகரங்களில், வசதி உள்ளவர்களைவிட வசதி குறைந்தவர்களிடமே நோய் மிகுதியாக இருந்தது. வியாதி தெரு மாறிவிட்டது. பழமொழி மட்டும் பழைய தெருவிலேயே நிற்கிறது!

சரி, நோய் இருப்பதை எப்படி அறிவது? விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் போதும். பெரும்பாலான கையடக்கக் கருவிகளில் ஒரு சிறு பட்டை இருக்கும். அதில் தடவியுள்ள நொதி, இரத்தத்திலுள்ள குளுக்கோஸிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிடுங்குகிறது. அவை மின்வாய்க்குச் சென்று மிக மெல்லிய மின்னோட்டமாகின்றன. அளவு மைக்ரோஆம்பியரில்தான் இருக்கும். குளுக்கோஸ் கூடினால் மின்னோட்டமும் கூடும். கருவி அதை அளந்து, மில்லிகிராம் கணக்கில் காட்டுகிறது. பௌதிகம் கற்பிப்பவன் என்பதால் எனக்கு இந்தக் கருவியின் மேல் தனி மோகம் உண்டு. ஆயினும் சொல்கிறேன், இந்தக் கதையில் எளிதான பகுதி கருவிதான். அதை உரிய விரலிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே கடினம்.

வீராம்பட்டினத்து மீனவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் கடலுக்குப் போகிறார். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கும் நேரமோ காலை. மருத்துவமனைக்குப் போனால் அன்றைய வருமானம் போயிற்று. முடிவைக் கேட்க மறுநாளும் வரச் சொன்னால் அதுவும் போயிற்று. சோதனைக்குக் கட்டணமில்லை என்பது உண்மை. அவருக்கு அது இலவசமில்லை என்பதும் உண்மை. தொடக்கத்தில் இந்நோய் வலிப்பதுமில்லை. வலிக்காத ஒன்றுக்காக இரண்டு நாள் வருமானத்தை யார் விடுவார்? சில ஆண்டுகளில் கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், கால் நரம்பு ஆகியவை கெட்ட பிறகே வருகிறார். அப்போது அவருக்கும் செலவு, அரசுக்கும் செலவு.

நம் காரைக்காலைப் பாருங்கள். காவிரியின் கடைமடைப் பகுதி அது. வழியிலுள்ள மதகுகளையெல்லாம் ஒரே அளவாகத் திறந்து வைத்துவிட்டு, "எல்லோருக்கும் சமம்" என்றால் காரைக்கால் வயலுக்கு என்ன மிஞ்சும்? அதனால்தான் 2007இல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கென 7 டி.எம்.சி. நீரைத் தனியே ஒதுக்கியது. பொதுப் பணமும் இப்படித்தான் பாய வேண்டும். எல்லோருக்கும் ஒரே கதவைத் திறப்பது சமத்துவம். தொலைவில் இருப்பவருக்கும் உடல்நலம் கிட்டும்படி, அவருக்கென்று கூடுதலாகச் செலவிடுவதே நியாயமான பங்கீடு.

இத்தகைய முயற்சிகள் நடக்காமல் இல்லை. சர்க்கரை நோய், இதய நோய், புற்றுநோய் ஆகியவற்றைத் தடுக்க மத்திய அரசு 2010இல் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் வழியே 30 வயதைக் கடந்தவர்களுக்குச் சோதனை நடக்கிறது. தமிழ்நாடு இன்னும் ஓரடி முன்னே வைத்தது. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிற்று. தன்னார்வப் பெண்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரைகளையும் கொடுக்கிறார்கள். புதிய கட்டடம் ஒன்றை எழுப்புவதைவிட இப்படி நடக்கும் கால்களுக்குக் கொடுக்கும் பணம் அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து.

நோய் வருமுன் தடுப்பதிலும் இதே சிக்கல் உண்டு. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைக் கொண்டு சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் செய்த ஆய்வு 2006இல் வெளியாயிற்று. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில், 3 ஆண்டுகளில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்துவிட்டது. உணவையும் நடைப்பயிற்சியையும் முறைப்படுத்திக்கொண்டவர்களில் அது 39.3 விழுக்காடுதான். அருமையான முடிவு! ஆனால் கலந்துகொண்டோர் பெரும்பாலும் அலுவலகம் செல்லும் நடுத்தர வகுப்பினர். காய்கறி விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகும் குடும்பத்துக்கு, உணவை மாற்றிக்கொள்ளச் சொல்வது மட்டும் போதுமா? இதற்கும் பொதுப் பணம் வேண்டியிருக்கிறது.

முதலில் சொன்ன ஆய்வுக்குழுவே 2022இல் இன்னொன்றையும் கூறியது. நோய் இருப்பதை அறிந்தவர்களிலும் 36.3 விழுக்காட்டினருக்கே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. இது நாட்டின் சராசரி. மீனவர் குப்பத்தில் எவ்வளவு, பாகூர் வயல்வெளியில் எவ்வளவு என்று தனித்தனியே எடுத்துப் பார்த்தால்தான் பணம் எங்கே நின்றுவிட்டது என்பது புலப்படும்.

உங்கள் வீட்டில் 30 வயதைத் தாண்டியவர்கள் இருப்பார்கள் அல்லவா? அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குச் சர்க்கரைச் சோதனை நடக்கிறது என்று கேட்டு வாருங்கள். வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.