நீச்சல் குளமும் வேலியும்

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றைக் கண்டால் நம் ஊர்ப் பெரியவர்களின் மனம் பதறும். கிணறு வெட்டியவர் அதற்குச் சுவரும் எழுப்ப வேண்டும் என்பது வழிவழி வந்த அறிவு. 2010-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் இடத்தைச் சுற்றி முள்வேலியோ தக்க தடுப்போ அமைக்க வேண்டுமென நெறி வகுத்தது.

இன்று செங்கற்பட்டு மாவட்டத்தில், முட்டுக்காடு முதல் மாமல்லபுரம் வரையுள்ள கடற்கரையில் தோட்ட வீடுகள் பல எழுந்துள்ளன. அவற்றுள் சிலவற்றில் நீச்சல் குளங்களும் உண்டு. குளத்தின் விளிம்போ பெரும்பாலும் தரையோடு தரையாக இருக்கும். கிணற்றுக்கு நாம் தந்த காவலைக் குளத்திற்குத் தர மறக்கலாமா?

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021-ஆம் ஆண்டில் நீரில் மூழ்கி இறந்தோர் ஏறத்தாழ 3 லட்சம் பேர். அவர்களுள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். நீரில் விழுந்த குழந்தை கூவி அழைக்கும் என நாம் எண்ணுகிறோம். மூச்சுக்குத் திணறும் குழந்தையால் குரல் எழுப்ப இயலாது. சில நிமிடங்களில், ஓசையின்றியே உயிர் பிரிந்துவிடும்.

"வீட்டைச் சுற்றி மதில் இருக்கிறதே!" எனச் சிலர் கூறலாம். மதில் அயலாரைத் தடுக்கும். வீட்டிற்குள்ளிருந்து தவழ்ந்து வரும் குழந்தையைத் தடுக்குமா? ஆகவே, குளத்தை வீட்டிலிருந்தும் பிரித்து, நாற்புறமும் வேலி அமைத்தலே முறை.

வீட்டுக் குளங்கள் மிகுந்த ஆஸ்திரேலியாவில் இதற்கெனச் சட்டங்கள் உள்ளன. நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டம் 1992-ஆம் ஆண்டினது. அந்நாட்டுத் தர அளவின்படி, பொதுவாக வேலியின் உயரம் 1.2 மீட்டருக்குக் குறையலாகாது. குழந்தை நுழையாதிருக்க, கம்பிகளின் இடைவெளியும் வேலியின் அடியிலுள்ள இடைவெளியும் 10 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது. ஏறுவதற்கு உதவும் நாற்காலி, பூந்தொட்டி முதலியன வேலியருகே இருத்தல் கூடாது. கதவு குளத்திற்கு எதிர்ப்புறமாகத் திறந்து, தானே மூடித் தானே தாழிட்டுக்கொள்ள வேண்டும். அவ்வாறாயின், குழந்தை கதவைத் தள்ளினாலும் அது திறவாது. பெரியவர் மூட மறந்தாலும் அது திறந்து கிடவாது.

எனினும், காற்றுக்காகக் கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்துவைத்த கதவினால் பயனில்லை. வேலி பெரியவரின் கண்காணிப்புக்கு மாற்றும் அன்று; கண் சற்றே அயர்ந்த வேளையில் குழந்தையைத் தடுத்து நிறுத்தும் துணையே அது. மாணவ நண்பர்களே, விடுமுறையில் அத்தகைய வீடொன்றிற்குச் சென்றால், நீரில் இறங்குமுன் வேலியையும் தாழையும் ஒருமுறை பாருங்கள். இல்லையெனில், உடன்வந்த சிறுவர்க்கு யார் காவல் என்பதை அப்பொழுதே முடிவு செய்யுங்கள்.