சாத்தாத கதவும் தளர்ந்த கம்பியும்

நியூயார்க் மாநகரின் பிராங்க்ஸ் பகுதியில் 19 மாடிகளைக் கொண்ட குடியிருப்பு ஒன்று உண்டு. 2022-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 9-ஆம் நாள் ஞாயிறு முற்பகலில், அங்கே ஒரு வீட்டின் படுக்கையறையில் குளிர்காயவென ஓடிக்கொண்டிருந்த மின்கணப்பு தீப்பற்றியது. நெருப்போ அவ்வீட்டையும் அதனை அடுத்த நடைவழியையும் கடக்கவில்லை. ஆயினும் 8 குழந்தைகள் உட்பட 17 பேர் மாண்டனர். அவர்களைக் கொன்றது புகை. வீட்டார் தப்பியோடியபோது, தானே சாத்திக்கொள்ள வேண்டிய வாயிற்கதவு திறந்தே நின்றுவிட்டது. அவ்வழியே வெளிப்பட்ட கரும்புகை படிக்கட்டுகளில் ஏறி மேல்மாடிகளை நிறைத்தது.

இது குளிர்நாட்டுச் செய்திதானே என்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. அங்கே கணப்பு என்றால், இங்கே நம் இல்லங்களில் ஏ.சி. இரண்டும் இடைவிடாது மிகுந்த மின்சாரத்தை உண்பவை. ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று ஏறத்தாழ 1,500 வாட் கொள்ளும். 75 வாட் மின்விசிறிகள் இருபது ஒருசேரச் சுழல்வதற்கு அது ஒப்பாகும். கம்பியில் மின்னோட்டம் இருமடங்கானால் அதில் எழும் சூடு நான்மடங்காகும். இணைப்பு தளர்ந்திருந்தால் அச்சூடு ஓரிடத்திலேயே திரண்டு, பிளாஸ்டிக்கை உருக்கித் தீயாகிவிடும்.

ஆகவே ஏ.சி.க்கெனத் தனிக் கம்பியும், 16 ஆம்பியர் பிளக்கும், தனி எம்.சி.பி.யும் இன்றியமையாதவை. நீட்டிப்புப் பெட்டியில் அதனைச் செருகுதல் கூடவே கூடாது. எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று பெரியதொன்றை மாற்றி வைப்போரும் நம்மிடையே உளர். இது குரைக்கும் நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறப்பது போன்றதாகும். பிளக் கைபொறுக்காமல் சுட்டாலோ, நிறம் கருகினாலோ, தீய்ந்த வாடை வந்தாலோ, உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழைத்தல் வேண்டும். கோடைக்கு முன்னரே வெளிப்பெட்டியில் சேர்ந்த சருகையும் பறவைக் கூட்டையும் அகற்றச் செய்வது நன்று. இக்காலத்து ஏ.சி.கள் பலவற்றில் உள்ள வாயு தீப்பற்றக் கூடியதாதலால், பயிற்சி பெறாதவரைக் கொண்டு அதனை நிரப்புதல் தகாது.

உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் வாழ்வோர்க்கு ஒரு சொல். கரிக்கணப்பை மூடிய அறையில் வைத்து உறங்கலாகாது. அதினின்று எழும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை எழவிடாமலே உயிரைப் பறித்துவிடும். மின்கணப்பாயின், போர்வைக்கும் திரைச்சீலைக்கும் மூன்றடி எட்டத்தில் வைத்து, படுக்குமுன் அணைத்துவிடுக.

இத்தனைக்கும் பின் தீ மூண்டால், எட்டக்கூடுமாயின் மெயினை அணையுங்கள். மின்சாரம் ஓடும் பொருள்மேல் நீரை ஊற்றாதீர்கள். குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு, லிஃப்டை விடுத்துப் படிவழியே இறங்குங்கள். வெளியே வந்ததும் 101-க்கோ 112-க்கோ அறிவியுங்கள். உள்ளே எவருமில்லை என்று உறுதியானதும், வீட்டைவிட்டு வெளியேறுகையில் கதவை இழுத்துச் சாத்த மறவாதீர்கள். நமக்குப் பின்னால் நாம் சாத்தும் கதவு, நாம் முகமறியாத மேல்மாடிக் குழந்தையின் உயிரையும் காக்கும்.