வளைவும் உராய்வும்: நரேன் கார்த்திகேயன் ஓட்டிய கார்கள் சொல்லும் பாடம்

கார்ப் பந்தய வீரருக்கு முதன்மையாக வேண்டியது எது? துணிவு என்று நம்மில் பலர் சொல்வோம். வலிமை மிக்க எஞ்சின் என்று சிலர் சொல்வர். பௌதிகம் தரும் விடை வேறு. டயருக்கும் தரைக்கும் இடையே உராய்வு எவ்வளவு உள்ளது, அது எந்த இடத்தில் தீர்ந்துபோகும் என்பதை உணரும் திறனே அவருடைய மூலதனம். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனின் பந்தய வாழ்க்கையைக் கொண்டு இதை அறிந்துகொள்வோம்.

கோவையிலிருந்து மெல்போர்ன் வரை

நரேன் 1977-இல் பிறந்தவர். தந்தையும் ராலிப் பந்தயங்களில் ஓட்டியவர். 1996-இல் ‘பார்முலா ஏஷியா’ பந்தயத் தொடரில் நரேன் சாம்பியன் ஆனார். 2001-இல் பார்முலா ஒன் காரைச் சோதனை ஓட்டத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெயர் பெற்றார். 2005 மார்ச் மாதம் மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய கிராண்ட் பிரீயில், ஜோர்டான் அணியின் காரில், பார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரும் ஆனார்.

மலைப்பாதையே சோதனைச்சாலை

வளைவில் திரும்பும் வாகனத்தை உள்நோக்கி இழுக்க ஒரு விசை தேவை. இதுவே மையநோக்கு விசை. வேகம் இரு மடங்கானால் இவ்விசை நான்கு மடங்கு வேண்டும். அதைத் தருவது டயரின் உராய்வு ஒன்றே. சாதாரணக் காரில் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான்!

தேனி மாவட்ட மாணவர்கள் இதை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. போடியிலிருந்து போடிமெட்டுக்கும், கம்பம் பள்ளத்தாக்கின் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கும் ஏறும் மலைப்பாதைகள் போதும். ஒரு கொண்டையூசி வளைவின் ஆரம் 15 மீட்டர் என்றும், உலர்ந்த சாலையின் உராய்வுக் குணகம் 0.7 என்றும், புவியீர்ப்பு முடுக்கம் 10 என்றும் கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 105. அதன் வர்க்கமூலம் சுமார் 10.2. அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர். இதற்கு மேல் போனால் வாகனம் வெளிப்புறம் வழுக்கும். மழையில் குணகம் 0.4 ஆகக் குறைந்தால் எல்லை 28 கிலோமீட்டராக இறங்கிவிடும்.

இக்கணக்கில் நிறை அடிபட்டுப் போவதைக் கவனியுங்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் வழுக்கும் வேகம் ஒன்றே. ஆனால் ஆட்கள் கூடக்கூட அதன் ஈர்ப்பு மையம் உயர்கிறது. வழுக்கும் முன்பே கவிழும் அபாயம் மிகுகிறது.

பார்முலா ஒன் கார் இந்த எல்லையைக் கடப்பது எப்படி? அதன் முன்னும் பின்னும் உள்ள இறக்கைகள், விமான இறக்கைக்கு நேர்மாறாக, காரைக் கீழ்நோக்கி அழுத்துகின்றன. அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். டயரின் சுமையும் கூடும்.

டயர்கள் தீர்மானித்த பந்தயம்

2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியனாபொலிஸ் நகரில் இது விபரீதமாக வெளிப்பட்டது. அங்குள்ள 13-ஆம் வளைவு சுமார் 9 பாகை சாய்வாகக் கட்டப்பட்டது. சாய்ந்த வளைவில் அதிவேகமாகத் திரும்பும்போது, காரின் எடையோடு திரும்பும் விசையின் ஒரு பகுதியும் சேர்ந்து டயரை நசுக்குகிறது. இரு நாள் முன்பு, பயிற்சியின்போது, அதே வளைவில் ரால்ப் ஷூமாக்கரின் காரில் இடது பின்புற டயர் பழுதாகி, கார் சுவரில் மோதியது. தன் டயர்கள் அந்த வளைவைத் தாங்கா என்று மிச்செலின் நிறுவனம் அறிவித்தது. பந்தயத்தின் நடுவில் டயர் மாற்றவும் அவ்வாண்டு விதி இடந்தரவில்லை. எனவே மிச்செலின் டயர் பூட்டிய 14 கார்களும் தொடக்கச் சுற்று முடிந்ததும் விலகிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு கார்களே ஓடின. அவற்றில் நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். பார்முலா ஒன்னில் அவர் பெற்ற புள்ளிகள் இவை மட்டுமே.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கலாமா? 2019 நவம்பரில் ஜப்பானின் பூஜி தளத்தில் ஜெர்மனியின் டூரிங் கார்களும் ஜப்பானின் சூப்பர் ஜி.டி. கார்களும் ஒன்றாக மோதின. இவை கூரையும் கதவும் கொண்டு, சாலைக் கார்களின் சாயலில் அமைந்தவை. அனைவருக்கும் ஒரே நிறுவனத்தின் டயர்கள். அங்கு நடந்த இரண்டாவது பந்தயத்தில், ஹோண்டா காரில், 42 வயது நரேன் வென்றார்.

நமக்குரிய பாடம்

டயரின் உராய்வு ஒரு வரம்புக்குட்பட்ட கையிருப்பு. பிரேக்குக்கே அதை முழுதும் செலவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இராது. ஆகவே பந்தய வீரர் வேகத்தின் பெரும்பகுதியை வளைவுக்கு முன், நேர்ப்பாதையிலேயே குறைத்துவிடுகிறார். மழைநாளில் மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டிய விதி இது. வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கை அழுந்தப் பிடித்தால், வண்டி நம் சொல் கேளாது, நிலைமத்தின்படியே செல்லும்.

மாணவர்களே, வளைவின் ஆரம் 30 மீட்டரானால் ஈரச் சாலையில் வேக எல்லை என்ன? கணக்கிட்டுப் பாருங்கள். ஆரம் இரு மடங்காகியும் வேகம் இரு மடங்காகாதது ஏன் என்பதையும் சிந்தியுங்கள்.